உயரத்தில் பாதி

"தொண்ணூத்திரண்டு," என்றாள் மனைவி, டேப்பை நீட்டிக் காட்டி.

மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக அவர் பேண்ட் முப்பத்திரண்டு இஞ்ச். அதாவது எண்பத்தோரு சென்டிமீட்டர்.

"பேண்ட் போடற இடத்துல அள."

"அது வயித்துக்குக் கீழங்க. தொப்பை அதுக்கு மேல தனியா குடித்தனம் நடத்துது."

இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை விட்டவர் அவரே. எல்லோர் அளவும் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று கடைசி வரியைச் சேர்த்தவரும் அவரே. ஸ்டோர்கீப்பரின் தொப்பையைப் பார்த்து மூன்று வாரமாக உபதேசம் வேறு. மேலாளரின் உயரம் நூற்று அறுபத்தெட்டு, பாதி எண்பத்துநான்கு. அளவெடுப்பு இன்று பத்து மணிக்கு.

பிரசவத்துக்குப் பிறகு மனைவி போட்ட இடுப்பு பெல்ட்டை எடுத்து இழுத்து மாட்டினார். எண்பத்தாறு வந்தது, மூச்சுதான் சரியாக வரவில்லை. வயிறு இறங்காவிட்டால் ஆள் ஏற வேண்டியதுதான் என்று, அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு மடித்து இரண்டு காலுறைக்குள்ளும் திணித்தார்.

"இந்தப் பாடு படறதுக்கு தினம் கொஞ்சம் நடக்கலாம்," என்றாள் மனைவி.

அதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிவிட்டு, முட்டைமேல் நடப்பவர்போலப் புறப்பட்டார்.

அலுவலகத்தில் அளவெடுக்கும் அறையில் நர்ஸ் இருந்தாள். பக்கத்து அறையில் அலுவலக டாக்டர் யாருக்கோ இதயத்தைப் பற்றி உரக்க வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பெல்ட்டின் இறுக்கமும் பயமும் சேர்ந்து ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு ஏறியது. நர்ஸ் பதறாமல், படுத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னாள். மூன்றாவது மூச்சில் பெல்ட்டின் கொக்கி தெறித்து மேசைக்கடியில் போய் விழுந்தது. டேப் பழைய தொண்ணூற்றிரண்டையே சொன்னது. உயரம் பார்க்க நின்றபோது ஒரு பக்க அட்டை நழுவ, மேலாளர் மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

"சாக்ஸைக் கழட்டுங்க சார்."

கழற்றினார். அவள் அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஸ்டோர்கீப்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைப் படிக்கும் காட்சி மேலாளரின் கண்முன் வந்து நின்றது.

அவர் குரல் இறங்கிவிட்டது. அளவை உள்ளபடியே எழுதிக்கொள்ளட்டும், மாத்திரை தந்தால் சாப்பிடுகிறேன், நாளை முதல் நடக்கவும் செய்கிறேன் என்றார்.

"அட்டை விஷயம் மட்டும் டாக்டருக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்."

நர்ஸ் அட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சொல்லாம எப்படி சார்? மூணு மணிக்கு அவருக்கும் அளவெடுக்கறாங்க. எவ்வளவு கனம் வெச்சா நிக்கும்னு காலையிலேர்ந்து என்னைக் கேட்டுட்டே இருக்காரு."