ஒரு பகல் தூக்கம்

முன்னேற்பாடு என்றால் காரியம் வருவதற்கு முன்னாலேயே அதற்கு வழி செய்து வைப்பது என்று முதியோர் கல்வி வகுப்பில் மீனலோசனி டீச்சர் திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வரவேண்டும்.

பொன்னழகுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாளும் கலவைச் சட்டி சுமக்கிற உடம்பு. ஏழாம் நாள் அமராவதிபுதூரில் அவர் தெருவுக்கே சொந்தம். சிலிண்டர் தூக்க, பீரோ நகர்த்த என்று ஆள் மாற்றி ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள். உட்கார்ந்து டீயும் குடிப்பார்கள். முழுசாக ஒரு பகல் தூங்கி எத்தனை வருஷமோ. சட்டி சுமக்கும்போதே அவர் கண்ணுக்குள் ஒரு பாய் விரியும். மின்விசிறி மெல்லச் சுற்றும். ஜன்னல் வெயில் காலடியில் பூனை மாதிரி வந்து படுத்துக்கொள்ளும்.

எழுதுவானேன், செய்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"ஞாயித்துக்கெழம வெளியூர் போறதாச் சொல்லிப்புட்டு, கதவச் சாத்திக்கிட்டு உள்ள தூங்கப்போறேன். எந்த ஊருன்னு சொல்லட்டும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

செந்தாமரை பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திருக்கோஷ்டியூருன்னு சொல்லுங்க. சாமி காரியம்னா ஒருத்தரும் குறுக்க வரமாட்டாக."

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியிடம் சொல்லிவைத்தார்.

"பெருமாள் கோயிலுக்கா? நானும் வாரேண்ணே!"

"நான் நடந்துல்லம்மா போறேன். வேண்டுதல்."

அவள் கால் அடங்கியது. வாய் அடங்கவில்லை. மறுநாள் டீக்கடையில் அதே தெருப் பாண்டிமுருகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வயசுல அம்புட்டுத் தூரம் நடக்க விட்டுருவமா? வேன் பேசியாச்சுண்ணே. பதினாலு பேரு."

"காச்சல் வர்ற மாதிரி இருக்குப்பா."

"வேண்டுதலத் தள்ளிப் போட்டா காச்சல்தேன் வரும். மொத ஆளா உங்களத்தேன் ஏத்துறோம்."

சனிக்கிழமை நொண்டி நொண்டி நடந்து காட்டினார். பாவம் என்று முன் சீட்டை ஒதுக்கினார்கள்.

ஞாயிறு விடியலில் வேன் வந்து நின்றது. செந்தாமரை புளியோதரைத் தூக்கைக் கையில் கொடுத்தாள். "பைய வாங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இவருக்கு வண்டிக்குள் கேட்டது.

வேன் கிளம்பியது. கண்மாய் மேல் பனி மிதந்தது. பொன்னழகு கண்ணாடியில் தலையைச் சாய்த்தார். பாய் விரிந்தது, விசிறி சுற்றியது, வெயில் பூனை ஓரடி எடுத்து வைத்தது. பின்னாலிருந்து அத்தனை பேரும் "கோவிந்தா!" என்றார்கள். பூனை ஓடிவிட்டது.

"சீக்கிரம் கும்பிட்டுட்டுத் திரும்பிருவமாப்பா? மதியத்துக்கு மேலயாச்சும் செத்த படுக்கணும்" என்று டிரைவர் ஈஸ்வரனிடம் கெஞ்சினார்.

"அது முடியாதுண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்ன உங்கள வீட்டுல எறக்கக் கூடாதுன்னு, போன ஞாயித்துக்கெழம திருக்கோஷ்டியூருக்கு வேன் பேச வந்தப்பவே செந்தாமரை அக்கா கண்டிசனாச் சொல்லிட்டாக; ஒரு நாளாச்சும் அவுக தூங்கணுமாம்ல!"