என் மகன் பக்கம் பந்து வருவதில்லை

ஆல்சீட் தீபோ,
படகுத்துறை வீடு, பாயூ லமார்,
லூசியானா.
ஆகஸ்ட், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

டுலூத் நகரப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பான பெருமதிப்பிற்குரிய கர்ட் லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் ஊர்ப் பெரிய ஏரியும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று கடவுளைப் பிரார்த்திக்கிறேன். இங்கே நானும் என் மனைவி ஒடெட்டும் சௌக்கியம். தாங்கள் என்னை அறிய மாட்டீர்கள். கடந்த ஏப்ரலில் உங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி, கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் தேர்வின் ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்த கார்னர்பேக் மார்சல் தீபோவின் தகப்பன் நான். அந்தத் தேர்வுக்கு 'சி மைனஸ்' என்று மதிப்பெண் போட்டவர் நீங்கள். ஆகவே நமக்குள் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது.

அவன் வடக்கே கிளம்பிய வாரமே உங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் செய்தித்தாளுக்கு முக்கியமான ஒரு உபயோகம் உண்டு. அண்டாவில் வேகவைத்த கிராஃபிஷ் இறாலை மக்காச்சோளம், உருளைக்கிழங்கோடு சேர்த்து, மேசையில் விரித்த செய்தித்தாள் மேல் அப்படியே கொட்டி, சுற்றி நின்று உரித்துத் தின்போம். உங்கள் பக்கத்தை மட்டும் நான் விரிக்க விடுவதில்லை. அதில் என் மகன் பெயர் இருக்கிறது. திட்டோடு இருந்தாலும் அவன் பெயர்தானே. இந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

முதலில் அந்தக் கண்ணீர் விவகாரம். 'தேர்வுச் செய்தி வந்ததும் தேம்பி அழுத இந்த இளைஞன் மனம் இளகியவன், மோதலுக்கு ஆகமாட்டான்' என்று எழுதியிருந்தீர்கள், பக்கத்தில் படம் வேறு. நடந்தது என்னவென்று சொல்கிறேன். தேர்வின் மூன்றாம் நாள், எங்கள் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. எங்கள் பக்கம் நாலு பேர் கூடினால் அண்டா ஏறிவிடும், நாற்பது பேர் கூடினால் கேட்கவே வேண்டாம். அண்டாவுக்குப் பொறுப்பு ஒடெட்டின் தம்பி கிளோவிஸ். அவன் மிளகாய்த்தூளைக் கரண்டியால் அளக்கமாட்டான், மனசால் அளப்பான். அன்று அவன் மனசு நிறைந்திருந்தது. மார்சல் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தவன், நாலாவது சுற்றும் முடிந்துபோனதும், 'இனிமே எங்க கூப்பிடப்போறாங்க' என்று மேசையில் கைவைத்து இறாலை உரிக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"டேய், எல்லாரும் வாய மூடுங்க! மூச்சுகூட விடக்கூடாது!" என்றாள் ஒடெட். பாதிரியார் உட்பட எல்லாரும் மூச்சை அடக்கினோம். மார்சல் எண்ணெயும் மிளகாயுமாக இருந்த கையோடு ஃபோனை எடுத்து, "வர்றேன் சார், கண்டிப்பா வர்றேன் சார்" என்று சொல்லிக்கொண்டே நெற்றி வியர்வையைத் துடைத்தான். துடைத்தது நெற்றியில் நிற்கவில்லை, கண்ணுக்குள் போய்விட்டது. அப்புறம் எப்படி ஐயா அழாமல் இருப்பான்? "ஐயோ மாப்ள, கண்ணத் தொறடா!" என்று கிளோவிஸ் ஒரு ஜாடிப் பாலை எடுத்து அவன் முகத்தில் கவிழ்த்தான். மிளகாய்க்குப் பால்தான் மருந்து, இங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பாலும் கண்ணீரும் வழியும் கோலத்தைத்தான் உள்ளூர் டிவிக்காரர் பிடித்தார், அதைத்தான் நீங்கள் போட்டீர்கள். படத்தில் பின்னால் ஒருவன் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறானே, அது நான். அதுவும் மிளகாய்தான்.

இரண்டாவது, 'கை குட்டை, இடுப்பு இறுக்கம், திரும்பும்போது வண்டி திரும்புவது போல் திரும்புகிறான்.' கையை ஒடெட் தையல் நாடாவால் அளந்திருக்கிறாள். பட்டமளிப்புக் கோட்டு தைத்தவள் அவள்தான், அளவு அவளிடம் இருக்கிறது, கை சரியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் அணிக்காரர்கள் வைத்திருக்கும் நாடாவைச் சோதிக்கவும். இடுப்பைப் பற்றி நான் தகப்பனாக அதிகம் பேசக்கூடாது. என் தங்கை மகள் கல்யாணத்தில் அக்கார்டியன்காரர் வாசிக்க ஆரம்பித்த பிறகு மார்சல் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் சாட்சி சொல்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'கல்லூரியில் ஆடிய காலம் முழுக்க இவன் பறித்த பந்து ஒன்றே ஒன்று' என்று எழுதினீர்கள். ஐயா, நீங்கள் கண்ணாடி அறைக்குள் காப்பி குடித்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பவர், மறந்திருப்பீர்கள், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். கார்னர்பேக்கின் வேலை என்ன? மைதானத்தின் ஓரத்தில், பந்தை வாங்கக் காற்றாய் ஓடிவரும் எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓடி, பிறகு திரும்பி, அவன் சட்டையோடு சட்டையாக ஒட்டிக்கொள்வது. இவன் ஒட்டியிருக்கிற ஒட்டுதலைப் பார்த்து, பந்து வீசுகிறவன் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்று வேறு பக்கம் வீசிவிட வேண்டும். அதுதான் வெற்றி. என் மகன் பக்கம் யாரும் வீசவில்லை. வீசாத பந்தை எப்படிப் பறிப்பது? காவல்காரன் நின்ற வீட்டுக்குத் திருடன் வரவில்லை என்பதற்காக, இவன் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை என்று வேலையிலிருந்து நிறுத்துவீர்களா?

இந்த இடத்தில் எங்கள் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேறு ஆள் இல்லை. மார்சல் வாரத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்கிறான்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"என்ன சாப்பிட்ட?"

"கோழி."

"என்ன கோழி?"

"வெறும் கோழிப்பா."

உடனே ஒடெட் ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள். "உப்பாவது போட்டாங்களா?"

"அம்மா, மீட்டிங் இருக்கும்மா. அப்புறம் கூப்பிடறேன்."

அந்த அப்புறம் அடுத்த வாரம்தான் வரும். மனசு கேட்காமல் ஒடெட் கம்போ குழம்பு வைத்து, உறையவைத்து, ஐஸ் கட்டிப் பெட்டியில் அனுப்பினாள். உங்கள் அணியில் புதிதாக வந்த பையன்களிடம் எது இருந்தாலும் மூத்த ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கமாம். டார்னல் என்று ஒரு தடியன், முன்வரிசையில் முட்டி மோதுகிறவன், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் மகன் நாக்கில் ஒரு கரண்டி படவில்லை. அதோடு போயிற்றா? இப்போது அந்த டார்னல், "அம்மா, அடுத்த பார்சல் எப்போம்மா வரும்? வெண்டைக்காய் இன்னும் கொஞ்சம் தூக்கலா போடுங்கம்மா" என்று ஒடெட்டுக்கு நேரே ஃபோன் செய்கிறான். அரைமணி நேரம் பேசுகிறான். அவனுக்கு மூட்டுவலி, அவன் அக்காவுக்கு இரட்டைக் குழந்தை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "யாரு, மார்சலா? இருக்கான்மா" என்கிறான். இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

நேரில் வந்து பார்க்கலாமே என்பீர்கள். நான் இங்கே கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகை ஓட்டுகிறேன். எனக்கு மாற்றாள் அக்டோபரில்தான் வருவார். அதுவரை நான் இக்கரையிலிருந்து அக்கரை, அக்கரையிலிருந்து இக்கரை. படகுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். மார்சல் பின்பக்கமாக ஓடக் கற்றதே இந்தப் படகில் வளர்ந்ததால்தான் என்று கிளோவிஸ் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறான். மார்சல் போன பிறகு அக்கரையில் கார்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வழக்கமாக அவன் சாய்ந்து நிற்கும் கம்பியைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடிவதில்லை. அவனை நினைத்து ஏங்குகிறேன் என்று உங்களிடம் எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, நீங்கள் எப்படியும் எங்கள் குடும்பத்தை அழுமூஞ்சி என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

ஆகவே முதல் பயிற்சி ஆட்டத்தை டிவியில் காட்டுகிறார்கள் என்றதும் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். சர்ச் மண்டபத்தில் பெரிய திரை கட்டினோம். பாதிரியார் ஜெபக்கூட்டத்தைத் தள்ளிவைத்தார். ஒடெட் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தாள், அவன் அவளைப் பார்க்கப்போகிறான் என்பதுபோல. ஆட்டம் ஆரம்பித்தது. கேமரா பந்தைத்தான் பார்க்கிறது ஐயா. பந்து எங்கே போகிறதோ அங்கே போகிறது. என் மகன் பக்கம் பந்து போகவில்லை. ஆகவே என் மகனைக் காணோம். முதல் கால்பகுதியில் திரையின் ஓரத்தில் ஒரு பூட்ஸ் வந்து போனது.

"அதோ! அதோ அவன் காலு!" என்று கத்தினாள் ஒடெட்.

"அக்கா, அது நடுவரோட காலு" என்றான் கிளோவிஸ்.

"எம் புள்ள கால எனக்குத் தெரியாதா? போடா."

அப்புறம் ஒரு முழங்கை. அதற்கு மண்டபமே கைதட்டியது. அரை ஆட்டம் இப்படியே போயிற்று. கிளோவிஸ் சும்மா இருப்பானா? "என்ன அத்தான், மாப்ள டுலூத்துக்குப் போனானா, இல்ல தொலைஞ்சிட்டானா? போலீஸ்ல சொல்லணுமா?" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "முட்டாள், அவன் பக்கம் வீசப் பயப்படறானுங்கடா, அதான் காணோம்" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமையை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பையனை அல்லவா பார்க்க வந்தோம்.

மூன்றாம் கால்பகுதியில்தான் அது நடந்தது, உங்களுக்கும் தெரியும், அதை வைத்துத்தான் இந்த வாரம் நீங்கள் அத்தனை பெரிய கட்டுரை எழுதினீர்கள். ஒரு பந்து அவன் பக்கம் வந்தது. இவன் திரும்பினான், புல்லில் கால் வழுக்கியது, எதிராளி பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். மண்டபம் முழுக்க ஒரே முனகல். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஆனால் கேமரா அப்போதுதான் அவனிடம் வந்தது. எழுந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் திரை முழுக்க. பிறகு அந்தக் காட்சியை மறுபடி காட்டினார்கள், மெதுவாக, இந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து. ஒடெட் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"இளைச்சிட்டான்" என்றாள். "மீச வெச்சிருக்கான் பாருங்க. நம்மகிட்ட சொல்லவே இல்ல." அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "இன்னொரு தடவ போடுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த ஒரு வழுக்கலை வைத்து, 'மாதக் கடைசியில் ஆள் குறைக்கும்போது அணியில் மிஞ்சும் ஐம்பத்து மூன்று பேரில் இவன் இருக்கமாட்டான்' என்று எழுதிவிட்டீர்களே, இது நியாயமா? மற்ற நேரமெல்லாம் அவன் பக்கம் ஒரு பந்து வந்ததா? ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? இப்படி ஒரு அணியில் ஆட வேண்டும், அவன் எட்டு வயதிலிருந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். வேறு எதையும் அவன் கேட்டு எனக்கு ஞாபகமில்லை. ஆகவே அடுத்த இதழிலேயே கண்ணீர், கை, இடுப்பு, பறிக்காத பந்து ஆகிய எல்லாவற்றையும் மறுத்து, 'மார்சல் தீபோ பக்கம் பந்து வீசுவது வீண் வேலை' என்று நாலு பேர் பார்க்கிற மாதிரி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண்ணையும் குறைந்தது 'பி'யாக உயர்த்தவும்.

தங்கள் பேனா என்றும் ஓயாமலும், தங்கள் ஊரில் பனி தாமதமாகவும், தங்கள் பிள்ளைகள் கூப்பிடு தூரத்திலும் இருக்க வாழ்த்தி முடிக்கிறேன். தங்கள் மனைவிக்கு ஒடெட்டின் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரன்,
ஆல்சீட் தீபோ.

பி.கு.: உறையில் போடுமுன் இதை ஒடெட்டுக்குப் படித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இது பேப்பர்ல வந்தா எதிரணிக்காரன் படிப்பானா?"

"படிக்கட்டுமே. நல்லாப் படிக்கட்டும்."

"படிச்சிட்டு அப்புறம் நம்ம புள்ள பக்கம் பந்து வீசுவானா?"

பந்து வராவிட்டால் கேமராவும் வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஐயா, மேலே கண்ட எதையும் அச்சிட வேண்டாம். 'சி மைனஸ்' அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். அதற்கு முன்னால் ஒருமுறை, கை குட்டை என்று எழுதுங்கள். இடுப்பைப் பற்றியும் தாராளமாக எழுதலாம். உங்கள் பயிற்சியாளர் பத்திரிகையே படிப்பதில்லை என்று பேட்டியில் சொன்னார், எதிரணிப் பயிற்சியாளர் எதையும் விடாமல் படிப்பவராம், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். ரொம்ப எழுதிவிடாதீர்கள், ரொம்ப வந்தால் பையன் வேலை போய்விடும். ஒரு பந்தோ இரண்டோ போதும். படத்தில் தொப்பியோடு நிற்கிறவன் அன்று மிளகாயைத் தொடவே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பந்தை மார்சல் தட்டிவிடுவான், எனக்குத் தெரியும். தட்டிவிட்டாலும் தவறவிட்டாலும் மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள் அல்லவா? நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்போம்.