கட்டைவிரலும் கொளஞ்சியப்பர் பிராதும்

விருத்தாசலம்
11.11.2006

அன்புள்ள திரௌபதி அக்காவுக்கு, பூர்ணிமா வணக்கத்துடன் எழுதுவது. இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இங்கு அத்தையும் பாப்பாவும் நலம். உங்கள் தம்பியின் வலது கால் கட்டைவிரல்தான் ஒரு வாரமாகக் குடும்பத்தை ஆட்டிவைத்துவிட்டது.

போன சனிக்கிழமை இஸ்மாயில் பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி, ஈரல் வறுவல் என்று இரண்டு பந்தி உட்கார்ந்துவிட்டு வந்தவர், விடியற்காலை மூன்று மணிக்கு அலறினார். பார்த்தால் விரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிக் கிடக்கிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. தெருவே சிக்குன்குனியாவில் படுத்திருப்பதால் அத்தை, "இவனுக்கும் வந்துடுச்சி" என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நானும் பாப்பாவின் கொசுவலையை எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும், "காய்ச்சலே இல்லையே அத்தை, ஒரே ஒரு விரல்தானே" என்றேன். "வெரலுல ஆரம்பிச்சி மேல ஏறும், நீ காலேஜுல படிச்சது வேற" என்றார்கள். மூன்று வேளையும் நிலவேம்புக் கஷாயம். அது போதாதென்று கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், 'என் மகனுடைய வலது கால் சிக்குன்குனியாவை விசாரித்து நீக்க வேண்டும்' என்று சாமிக்கு மனு எழுதிப் பிராதும் கட்டிவிட்டு வந்தார்கள்.

நான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "சிக்குன்குனியான்னா காய்ச்சலோட கை கால் மூட்டெல்லாம் பிடிக்கும். மூட்டுவாதத்துல ரெண்டு கை விரலும் காலையில விறைச்சிக்கும், மாசக்கணக்குல இருக்கும். இது ஒரே ராத்திரியில ஒத்தை விரல்ல வந்திருக்கு, கவுட்டாத்தான் இருக்கணும், யூரிக் ஆசிட் மூட்டுல படியற வியாதி. ஈரல், கறி தின்னா கூடும், பத்தியமா இருக்கணும். ரத்தத்துல யூரிக் ஆசிட் பாருங்க. ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்த்தா உறுதியாத் தெரிஞ்சிடும்" என்றார். ஊசி என்றதும் உங்கள் தம்பி நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார்.

ஆறாம் நாள் வீக்கம் தானாக வடிந்தது. அது அப்படித்தான் வடியும், மறுபடி வரும் என்று டாக்டர் சொன்னதை யார் கேட்கிறார்கள்? "சாமி கேஸை முடிச்சிட்டாரு" என்கிறார்கள் அத்தை. நாளைக்குப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வந்து ஆட்டு ஈரலாம். "சிக்குன்குனியாதான் போயிடுச்சில்ல, அப்புறம் என்னாடி பத்தியம்" என்கிறார் இவர். நாளைய ஈரலைத் தடுக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமைகளையாவது நீங்கள் காப்பாற்ற வேண்டும். நீங்கள் நர்ஸ், அதுவும் அவருக்கு அக்கா. 'இது கவுட், டெஸ்ட் எடு' என்று உங்கள் கையால் இரண்டு வரி போதும்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

பூர்ணிமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இவர் கத்தினார். இப்போது இடது கால் கட்டைவிரல். அத்தை எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இந்தக் காலை பிராதுல எழுதாம வுட்டுட்டேனே" என்று பேப்பரும் பேனாவும் கேட்டார்கள். பிறகு என்ன வியாதி என்று எழுதலாம் என்று என்னைக் கேட்டார்கள், முதல்முறையாக. 'கவுட்' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாமிக்குத் தெரிந்துவிட்டது, இனி இவருக்குத்தான் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்க அக்கா.