தேரா போனவன் தேறவில்லை

அந்த வருஷம் அட்சய திருதியைக்கு என் மனைவி நாகஜோதியை நானே துபாய் தங்கக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவது என்று தீர்மானித்தேன்.

அவசரப்பட்டு என்னைப் பாராட்டிவிடாதீர்கள். அழைத்துப் போவது என்றுதான் சொன்னேன். வாங்கித் தருவது என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருப்பது அஜ்மானில். எனக்கு வேலை ஷார்ஜா தொழிற்பேட்டையில், ஒரு கராஜில் ஸ்டோர் கீப்பர். தினமும் ‘கார் லிஃப்ட்’ என்ற பெயரில் எவனோ ஒருவனுடைய காரின் பின்சீட்டில் நாலாவது ஆளாக நசுங்கி, மடியில் சாப்பாட்டுப் பையும் தோளில் பக்கத்து ஆளின் தூக்கமுமாகப் போய் வருகிறேன். டிரைவிங் டெஸ்டில் பலமுறை மண்ணைக் கவ்வி, ஒருவழியாக லைசென்ஸும் வாங்கிவிட்டேன். பழைய சன்னி கார் ஒன்றைப் பேசியும் வைத்துவிட்டேன். வெள்ளை நிறம். ஏசி போட்டால் கொஞ்சம் முனகும். முனகாதது எந்த வீட்டில் இருக்கிறது?

காருக்கென்று சேர்த்த பணம் பாங்கில் தயாராக இருந்தபோதுதான் இந்தத் திருதியை வந்து சேர்ந்தது. ஜோதி வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. தன் வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கேட்டால் இல்லை என்று சொல்லலாம். பார்த்தால் என்ன சொல்வது?

பக்கத்து ஃபிளாட் நெய்னா முகம்மதுவிடம் போய் அழுதேன். கீழக்கரைக்காரர். தங்கக் கடைத்தெரு இருக்கும் தேரா பஜாரில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“இந்தத் தடவ திருதியை வெள்ளிக்கிழமையா தம்பி? அப்ப என்ன கவலை? ஜும்மாவுக்கு அங்க எல்லாக் கடையும் ஷட்டர இறக்கிருவாங்க. மத்தியானமா கூட்டிட்டுப் போங்க. ஷட்டரக் காட்டுங்க. திரும்பி வாங்க. கலாஸ்!”

காலில் விழாத குறை. அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

“ஜோதி, வெள்ளிக்கிழமை துபாய் போறோம். மரபு நடை.”

“அப்படின்னா?”

“பழைய ஊர நடந்தே சுத்திப் பாக்குறது. பர்துபாய் கோயில், பஸ்தகியா, படகுல கிரீக்கத் தாண்டி தேரா. கடைசில தங்கக் கடைத்தெரு.”

“தங்கமா!”

“அந்தக் காலத்துல தங்கம் தோணி தோணியா இங்கருந்து பம்பாய்க்குப் போச்சு. ஊரே அதுலதான் எழுந்து நின்னுச்சு. வரலாறு! பாக்க வேணாமா?”

“பாக்கலாங்க. அங்க போய் ஒரு டாக்ஸி வெச்சுக்குவமா?”

“சேச்சே! கார்ல போறவனுக்கு ரோடுதான் தெரியும். நடக்குறவனுக்குத்தான் ஊர் தெரியும்.”

“அட, நல்லாருக்கே! இன்னொரு தடவ சொல்லுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை அவள் மறுபடி கேட்டது அதுதான் முதல்முறை. ஏற்ற இறக்கத்தோடு இன்னொரு தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. பர்ஸை ஞாபகமாக மறந்து மேஜை மேல் வைத்தேன். பஸ்ஸுக்கும் படகுக்கும் மட்டும் சட்டைப் பையில் சில்லறை. லிஃப்ட் வரை வந்த ஜோதி, “கேஸ மூடினேனான்னு தெரியலங்க” என்று திரும்பி ஓடினாள். பொறுப்பான பெண் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கோயில் சந்தில் கும்பிட்டுவிட்டு அவள் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ்தகியாவின் மண்நிறச் சந்துகளில் நான் வழிகாட்டியானேன். வீடுகளுக்கு மேல் சதுரமாக நிற்கும் காற்றுக் கோபுரங்களைக் காட்டி, “இதான் அந்தக் காலத்து ஏசி” என்றேன்.

“முனகாதாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. கார் ஏசி முனகும் கதையை நான் இவளிடம் சொல்லவே இல்லையே! ஆனால் அதற்குள் அவள் கோபுரத்துக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து இறங்கிய காற்றில் மல்லிகை ஆடியது. நான் கேட்க வந்ததை மறந்துவிட்டேன்.

படகுத்துறையில் ஆளுக்கு ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ராவில் ஏறினோம். பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து போகும் சின்ன மோட்டார் படகு. தண்ணீர் தெறித்ததும் ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து. அக்கரை சேர்ந்ததும், “இன்னொரு ரவுண்டு போலாமா?” என்று கேட்டது யார் தெரியுமா? அவள் இல்லை. இந்த மடையன்தான். ஒரு ரவுண்டு இரண்டாயிற்று.

அப்புறம் தங்கக் கடைத்தெரு. மேலே மரக்கூரை. இரண்டு பக்கமும் வரிசையாக ஷட்டர். நெய்னா பாய் வாழ்க!

“அடடா! இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்ல ஜோதி? எனக்குத் தோணவே இல்ல பாரேன். எல்லாம் மூடிட்டான். சரி, நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான். கெளம்புவமா?”

“பரவால்லங்க. இவ்வளவு நடந்திருக்கோம். கொஞ்சம் உக்காருங்க, புளியோதரை கொண்டாந்திருக்கேன்.”

கடைகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெற்றி பெற்றவனுக்குப் புளியோதரை தனி ருசி. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கண்ணை மூடி ஏப்பம் விட்டேன். சற்று நேரத்தில் கடகடகடவென்று ஒரு சத்தம்.

“என்ன அது?”

“ஷட்டருங்க.”

“அதான் எறக்கியாச்சே!”

“எறக்கினத ஏத்த மாட்டாங்களா? அஸர்னு சாயங்காலத் தொழுகை, அது முடிஞ்சதும் தெறப்பாங்களாம். சல்மாக்கா சொன்னாங்க.”

சல்மாக்கா என்பது உம்மு சல்மா. நெய்னா முகம்மதுவின் மனைவி! கடை மூடுவதைப் புருஷன் எனக்குச் சொன்னார். திறப்பதைப் பெண்டாட்டி இவளுக்குச் சொல்லியிருக்கிறார். ஏசி முனகும் கதையும் அந்த வழியாகத்தான் இவளிடம் வந்திருக்க வேண்டும். ஒரே வீட்டுச் சேதியில் எனக்குக் கிடைத்தது முன்பாதி. ஐந்து வேளையும் காதில் விழுகிற பாங்கு, என் புத்தியில் ஒரு வேளைகூட விழவில்லை.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சட்டைப் பையைத் தடவி, “ஐயையோ, பர்ஸ்!” என்று அலறினேன்.

“மேஜை மேலயே மறந்துட்டீங்க. கேஸ மூடப் போனப்ப எடுத்துட்டு வந்தேன்.” கைப்பையிலிருந்து பர்ஸ் வந்தது. பாங்க் கார்டும் அதற்குள்ளேயே இருந்தது.

ஷட்டர் ஏறியது. என் கார் இறங்கியது.

உள்ளே மலையாளிச் சேட்டன் ட்ரேயை நகர்த்தி வைத்தார். “இங்க சேதாரமே கெடையாதாங்க” என்று ஜோதி காதைக் கடித்தாள். ஏன் இல்லை? பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

அவள் மெல்லிசாக இரண்டு வளையலை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். “இது போதுங்க” என்றாள். அந்த முகத்தைப் பார்த்தேன். அப்ராவில் சிரித்த அதே முகம். அப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“சேட்டா, அந்தத் தடிச்ச ஜோடிய எடுங்க.”

திரும்புகையில் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. கால் கெஞ்சியது. பெட்ரோல் வாசனையோடு வெள்ளைக் கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஜோதி, இன்னும் கொஞ்ச மாசம் வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தோம்னா, அந்தக் கார...”

“காரா?” புது வளையல் குலுங்க என் பக்கம் திரும்பினாள். “கார்ல போறவனுக்கு ரோடுதாங்க தெரியும். நடக்குறவனுக்குத்தான் ஊர் தெரியும்.”

ஏற்ற இறக்கம்கூட அப்படியே என்னுடையது.