கணுக்காலில் கரண்டு, மூத்திரப்பையில் மர்மம்

அன்பிற்குரிய மச்சான் அப்துல் அஜீஸ் அவர்களுக்கு, உத்தமபாளையத்திலிருந்து உமர் பாருக் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே இறைவன் கிருபையில் எல்லோரும் சுகம். கோம்பையில் என் தங்கச்சி ரெஹானாவின் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் ஷர்மின் நிக்காஹுக்குச் சாட்சியாக உட்காரச் சொன்னீர்கள். "வேற ஆளப் பாருங்க" என்றேன். அன்றோடு தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். தாய்மாமன் முறுக்கிக்கொள்கிறான் என்று நினைக்கிறாள். முறுக்கும் இல்லை, கிறுக்கும் இல்லை மச்சான், மூத்திரம்! முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. ஹஜரத் குத்பா ஓதும்போது சாட்சி எழுந்து ஓடினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? போனில் சொன்னால் தங்கச்சி ஸ்பீக்கரில் போடுவாள், தெருவே கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தேனியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். நாக்கு வறண்டது, தண்ணீராகக் குடித்தேன், குடித்ததற்கும் சேர்த்து ஓடினேன். அப்புறந்தான், "நரம்புக்கு லேசா கரண்டு குடுத்துப் பாப்போம்" என்றாக. எங்கே தெரியுமா? கணுக்காலில்! ரிப்பேர் ஓரிடம், வயர் ஓரிடம். கேட்டால், கால் நரம்பும் மூத்திரப்பை நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருதாம், இங்கன தட்டினால் அங்கன அடங்குமாம். என்ன அதிசயம் பாருங்கள்! இத்தனை காலம் இந்தக் காலை வைத்து நடக்க மட்டும்தான் செய்திருக்கிறேன்.

திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்டோடு மல்லுக்கட்டியவன் நான். ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். "கழட்டுங்கய்யா, ஒண்ணும் ஆகாது" என்றாள் நர்ஸ் ஜெபஷீலா. "கரண்டுகிட்ட போகையில செருப்பக் கழட்டச் சொல்ற ஆள இப்பத்தேன் பாக்குறேன் தாயி" என்றேன். ஒருவழியாகக் கழற்றினேன். வயரை ஒட்டிவிட்டு அவள் திரும்பிய நேரத்தில், சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த டெஸ்டரை எடுத்து வயர் நுனியில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. "லைன் வரல தாயி, பீஸ் போயிருச்சு" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "இது பேட்டரிய்யா. டெஸ்டர் எரிஞ்சா நீங்க இங்கன இருக்க மாட்டீக" என்றாள். பிறகு எதையோ திருகினாள். மச்சான், என் கால் கட்டைவிரல் தானாக ஆடியது! நான் ஆட்டவே இல்லை. சரியான நரம்பைப் பிடித்ததற்கு அதுதான் அடையாளமாம். என் பேச்சுக்கு வீட்டில் ஒரு பூனைகூட அசைவதில்லை, அந்தப் பிள்ளை திருகினால் என் விரல் ஆடுது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரி கைருன்னிசா டீ வைத்துவிட்டுப் போனாள். குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

வாராவாரம் போய் அரை மணி நேரம் விரலை ஆடவிட்டு வருகிறேன். பொறுமையா இருங்க என்கிறாக. எனக்கென்னவோ ஒரு மாற்றமும் தெரியவில்லை. விரல் ஆடுவதைப் பார்க்க நல்லா இருக்கு, அவ்வளவுதான். ஆகவே வேறு சாட்சியை ஏற்பாடு செய்துவிடுங்கள். எனக்குக் கடைசி வரிசையில், பாத்ரூம் பக்கமாக ஒரு நாற்காலி போதும். தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் பேசாதது மனசுக்குக் கஷ்டமாக இருக்கு.

ஷர்மினுக்கு என் துஆ. அவள் வாழ்க்கையில் பரக்கத் பெருகட்டும்.

இப்படிக்கு,
உமர் பாருக்

பி.கு.: அஸர் தொழுதுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறார்கள்; ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. கைருன்னிசா எட்டிப் பார்த்து, "என்னங்க, நடுவுல எந்திரிக்கவே இல்லியே?" என்கிறாள். ஆமா மச்சான்! டீ வேறு குடித்திருக்கிறேன்! வேறு சாட்சிக்கென்று யாரிடமும் வாய்விட்டுவிடாதீர்கள். என் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, "ஒங்கண்ணன் வாறாக" என்று மட்டும் தங்கச்சியிடம் சொல்லுங்கள்.