ஜாமீன்தாரர் இந்துமதி உயிரோடு இருக்கிறார்

சேவூர்

அன்புள்ள மாப்பிள்ளை நித்தீஷுக்கு, மாமன் சுப்பண்ணன் எழுதுவது. இங்கே ஊரும் மழையும் நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

நம் சிக்கன நாணயச் சங்கத்துக்கு நீ எழுதித் தரும் புது கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உன் அத்தை காலமானதும் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தேன். உறுப்பினர் கணக்கை மூடினார்கள். அதோடு முடிந்தது என்றிருந்தேன். போன வாரம் முருகவேல் வாசலில் வந்து நின்றான். நம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து தனியாக மிஷின் போட்டவன். அவன் மிஷின் கடனுக்கு உன் அத்தைதான் ஜாமீன். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. என்னடா என்றேன்.

"கடனைப் புதுப்பிக்கோணுமுங்கண்ணா. அக்காவை நேர்ல கூட்டீட்டு வந்து கைரேகை வெக்கச் சொல்றாங்க" என்று தேம்பினான். உன் அத்தையைச் சுடுகாட்டுக்குத் தோளில் தூக்கிப் போனவர்களில் அவனும் ஒருவன்.

"நீ சொல்லலியா?"

"சொன்னேனுங்க. கம்ப்யூட்டர்ல உசுரோட இருக்காங்கன்னாங்க. அதுக்கு மேல இல்லீன்னு சொல்ல மனசு வரலீங்க."

இருவரும் போனோம். கவுண்டரில் ஜெயசுதா என்ற பெண், நல்ல பிள்ளை, திரையைப் பார்த்துவிட்டு, "உறுப்பினர் இந்துமதி இறந்துட்டாங்க. ஜாமீன்தாரர் இந்துமதி இருக்காங்க" என்றாள்.

"ரெண்டும் ஒரே ஆளுதானுங்கம்மிணி."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேருங்க."

வரிசையில் நின்ற ஒருவர், "இருக்கறவங்களைக் கூட்டீட்டு வந்தா வேலை முடிஞ்சுதுங்களே" என்று எனக்கு வழி சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெயசுதா எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

இந்த வேலையை எடுத்துக்கொண்ட அன்று நீ சொன்னாய்: "பழைய புரோகிராம் ஒவ்வொரு பொறுப்புக்கும் புதுசா ஒரு ஆளை உண்டாக்கிருச்சுங்க மாமா. புதுசுல ஆள் ஒண்ணுதான். உறுப்பினர், ஜாமீன்தாரர் எல்லாம் அந்த ஆள் ஏத்துக்கற பொறுப்பு. ஆள் போயிட்டா ஒருக்காப் பதிஞ்சாப் போதும், அத்தனையும் நின்னுரும்." எனக்கு நன்றாகவே புரிந்தது. கம்பெனியில் முதலாளியும் அவள்தான், பீஸ் செக்கிங்கும் அவள்தான், என்னோடு சண்டை போடுவதும் அவள்தான். எல்லாம் ஒரே நாளில் நின்றன. செக்கிங்குக்கு வேறு பெண்ணை வைத்துவிட்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஆகவே சீக்கிரம் முடி. இன்னொருவர் இப்படி வாசலில் நின்று அழக் கூடாது. முருகவேலுக்கு இனி நானே ஜாமீன். உன் அம்மாவை வேளைக்கு மாத்திரை போடச் சொல். நீயும் உன் தொழிலும் வாடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமன் சுப்பண்ணன்

பின்குறிப்பு: சீக்கிரம் முடி என்று மேலே எழுதியதை விட்டுவிடு. தபால் போடப் போகும் வழியில் சங்கத்துக்குள் நுழைந்தேன். என் கணக்குக்கு வாரிசுதாரராக இன்னும் உன் அத்தை பெயர்தான் இருக்கிறதாம். உன் பெயரைப் போடச் சொன்னேன். ஜெயசுதா தட்டி முடித்து, "அழுத்துனா இந்துமதி அம்மா பேரு போயிருமுங்க. அழுத்தட்டுங்களா?" என்று கேட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீ அவசரப்படாதே கண்ணு. மெதுவாகவே செய்.