மருமகள் பேசிய வீடியோவை மீட்டுத் தரக் கோரும் விண்ணப்பம்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு, உன் அத்தான் மிகுந்த தயக்கத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. உன் அக்கா நலம், உன் மருமகளான என் பெண்ணும் நலம். என் நலம் இத்துடன் வைத்திருக்கும் மெமரி கார்டில் இருக்கிறது, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் என் போன் பாதி நேரம் உன் அக்கா கையில் இருக்கிறது.

போன வருஷம் பள்ளி விழாவில் குழந்தை மேடையில் வாயே திறக்காமல் நின்று, டீச்சர் கையைப் பிடித்து இறக்கிவிட்டது உனக்குத் தெரியும். அப்புறம் வகுப்பில்கூடப் பேச மாட்டேன் என்றவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த கையோடு, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல், இந்த வருஷ நாடகத்துக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள் உன் அக்கா. வேஷம், கலங்கரை விளக்கம். விழா அன்றைக்குப் பார்த்து அவளுக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு மேடை வேண்டாம், திரை வேண்டாம். அவ பேசறப்போ அவ முகம் தெரியணும். அதையாவது ஒழுங்கா செய்வீங்களா?" என்றாள். அந்த 'அதையாவது'வில் எங்கள் குடித்தனம் முழுக்க அடங்கியிருந்தது.

என் கெட்ட நேரம், உன்னிடம் யோசனை கேட்டேன். கல்யாண வீடியோ எடுத்தே முன்னுக்கு வந்தவன் ஆயிற்றே. "மேடையையே எடுத்துட்டிருந்தா பாக்கறவங்க தூங்கிடுவாங்க அத்தான். நடுநடுவுல கூட்டத்துல இருக்கறவங்க மூஞ்சியையும் எடுங்க, அப்பதான் வீடியோவுக்கு உயிர் வரும்" என்றாய். வந்தது, யாருக்கு என்றுதான் கேட்காதே.

அரங்கத்தில் எனக்கு முன்னால் ஆறடி ஆள் ஒருவர், தலையோடு போதாதென்று போனையும் உயர்த்திப் பிடித்திருந்தார், சரி என்று நான் சுவரோரம் ஒதுங்கி, அடுக்கிவைத்த நாற்காலிகளில் ஒரு காலை முட்டுக்கொடுத்து நிற்க, திரை விலகி, உன் மருமகள் அட்டைக் கோபுரத்துக்குள் முகம் மட்டும் தெரிய, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு நின்றாள், நன்றாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் வீடியோவுக்கு உயிர் வர வேண்டுமே, உடம்பைத் திருப்பினால் நாற்காலி சரியும் என்று, போன் மூலையில் இருந்த, கேமராவைத் திருப்புகிற பட்டனைத் தட்டினேன். நான் லிஃப்ட் மெக்கானிக், பட்டன்தான் எனக்குச் சோறு போடுகிறது. கூட்டம் வரவில்லை, என் மூஞ்சி வந்தது. மறுபடி தட்டப் போகிற நொடியில் கப்பல் கேப்டனாக நின்ற பையன், "கரை எங்கே? யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டான்.

பதில் சொல்ல வேண்டியது நம்ம பிள்ளை. சொல்லவில்லை. பையன் இன்னொரு தரம் கேட்டான். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தது என் காதுக்கே கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. போன வருஷம் மாதிரியே கண் தரைக்குப் போயிற்று. கையில் போன் இருப்பதே மறந்துபோய், பேசிடும்மா, பேசிடும்மா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவள் தலை மெதுவாக நிமிர்ந்தது. டார்ச் வெளிச்சம் கடைசி வரிசை வரைக்கும் போனது. "பயப்படாதே கப்பலே. நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வெளிச்சத்தைப் பார்த்தபடியே வா." ஒரு எழுத்து பிசகவில்லை மாப்பிள்ளை.

வண்டி நிறுத்துகிற இடத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் பேசுகிற இடத்தில் குரல் கணீரென்று இருக்கிறது. படம் முழுக்க நான். கீழேயிருந்து எடுத்ததால் மூக்குத்துவாரமே முக்கால்வாசி, வாய் கோணுகிறது, கண்ணில் தண்ணீர், அது வழிந்து மூக்கோடு சேர்ந்து, சட்டைக் கையால் துடைத்துக்கொள்கிறேன். ஆறடி ஆளை ஓடிப் பிடித்துக் கேட்டேன். கேப்டனின் அப்பாவாம். "உங்க பொண்ணோட அட்டை ஓரமா கொஞ்சம் தெரியுதுங்க" என்றார்.

உன் அக்காவிடம், வீடியோ உன்னிடம் கலர் சரிபண்ணப் போயிருக்கிறது என்று புளுகி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தே தீருவேன் என்கிறாள். குழந்தையோ தினமும், "அம்மா இன்னும் பாக்கலையா?" என்று கேட்கிறது. கல்யாணத்துக்கே வராத பெரியப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்டியவன் நீ. என் மூஞ்சியைத் தூக்கிவிட்டு, எப்படியாவது அவள் முகத்தை அங்கே ஒட்டிக் கொடு. உன் காலில் விழுந்தேன் என்றே வைத்துக்கொள்.

உன் தொழில் செழிக்கவும், உன் கை நடுங்காதிருக்கவும், இனி யாருக்கும் நீ யோசனை சொல்லாதிருக்கவும் வாழ்த்தும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: கார்டை அனுப்பவில்லை. கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் உன் அக்கா டூட்டி முடிந்து வந்துவிட்டாள். மேஜையில் இருந்த கார்டைக் குழந்தை எடுத்து டிவியில் போட்டுவிட்டது. நான் பசை டப்பாவோடு கதவருகிலேயே நின்றேன். என் மூஞ்சியைப் பார்த்ததும் உன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கேப்டன் இரண்டாம் தரம் கேட்டதும் சிரிப்பு நின்று, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "இவ எங்க தயங்கினா, எப்ப தலை நிமிர்ந்தா, எல்லாம் உங்க மூஞ்சியிலேயே தெரியுதே" என்று சொல்லிவிட்டு, உடுப்புகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து மறுபடியும் போடச் சொன்னாள். ஆகவே மேலே கேட்டது எதையும் செய்யாதே. மூக்கைத் துடைக்கிற இடத்தை மட்டுமாவது உன்னிடம் கொடுத்து வெட்டிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அதையும் தொடக் கூடாதாம்.